லெந்து நாட்களுக்கு ஒரு தியானப் புத்தகம்: முதல் குறிப்பிலிருந்து அச்சு வரை

குன்னூர், கோத்தகிரி பக்கத்துச் சபைகளில், நாளுக்கு ஒரு வேதப்பகுதியை வைத்து வாசிக்கும் தியானப் புத்தகம் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பத்துப் பதினைந்து நாளுக்கு எழுதிவிட்டு நோட்டை அலமாரியில் வைத்தவர்களும் நிறையப் பேர். எங்கள் சபைக்காக மூன்று சிறு புத்தகங்களை எழுதி முடித்து, இன்னும் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவிய பிறகு சொல்கிறேன்: பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் வேலையை வரிசை மாற்றிச் செய்தவர்கள். தலைப்பையும் அட்டைப்படத்தையும் முதலில் யோசித்தார்கள். வேதப்பகுதியைக் கடைசியில் தேடினார்கள்.

இங்கே லெந்து கால (ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால) புத்தகத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தொடக்கமும் முடிவும் திட்டமாக இருப்பதால் முதல் முறை எழுதுகிறவருக்கு வசதி. வேறு தியானப் புத்தகத்துக்கும் இதே வரிசைதான்.

1. கையில் இருக்கவேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. அதுவே உங்கள் மூலப் பிரதி. மேற்கோள் எல்லாம் அதிலிருந்துதான். கைபேசிச் செயலியில் இருந்தோ நினைவிலிருந்தோ எழுதினால் ஒரு சொல் தவறுவது நிச்சயம். அதோடு இரண்டாவதாக வேறொரு மொழிபெயர்ப்பு. பழைய திருப்புதலை (பழைய நடையிலுள்ள மொழிபெயர்ப்பு) வைத்து எழுதுகிறவர் பக்கத்தில் திருவிவிலியத்தையும் (இக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பு) வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

இன்னொரு முக்கியத் தேவை, மூன்று வாசகர்கள். அதில் ஒருவராவது உங்களைப் புகழாதவராக இருக்கட்டும். அப்புறம் உங்கள் ஆயரிடமோ போதகரிடமோ இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கொண்டுபோய் நீட்டினால் அவருக்கு வாசிக்க நேரம் இருக்காது. கத்தோலிக்கச் சபையில் பொதுப் பயன்பாட்டுக்கான செபநூல் என்றால் மறைமாவட்ட ஆயரின் அனுமதியும் வேண்டும். அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

காலம்? ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் வாசிப்பும் திட்டமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை எழுத்து, அக்டோபரில் திருத்தம், நவம்பர் தொடக்கத்தில் அச்சகம். மழை மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் இங்கே வெளியில் வேலை இல்லை. எழுத அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

2. யாருக்கு எழுதுகிறீர்கள்? ஒரே ஒரு ஆள்

"விசுவாசிகள் எல்லாருக்கும்" என்று பதில் வந்தால் இன்னும் எழுதத் தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் நிறுத்துங்கள். நான் நினைத்துக்கொண்டவர் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும் ஓர் அக்கா. காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, கொழுந்து பறிக்கப் போகிறவர். தியானத்துக்கு அவரிடம் இருப்பது ஐந்து நிமிடம். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாது.

இந்த ஒரு முடிவு பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். ஒரு நாள் தியானம் இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுத்து 12 புள்ளிக்குக் குறையக்கூடாது. "இறையியல் நோக்கில்" என்று தொடங்கும் வாக்கியம் அவருக்கு வேண்டாம். ஆனால் அவர் அறிவில்லாதவர் என்ற நினைப்பில் எழுதிவிடாதீர்கள். ஏழு வயதிலிருந்து வேதம் கேட்டு வளர்ந்தவர் அவர். உங்கள் தவறை முதலில் கண்டுபிடிக்கப்போகிறவரும் அவரே.

3. நாட்களை எண்ணி, பகுதிகளை அடுக்குங்கள்

லெந்து நாற்பது நாள் என்பதால் நாற்பது தியானம் எழுதுகிறார்கள். இது நான் அதிகம் பார்த்த பிழை. நாற்பது என்ற கணக்கில் ஞாயிறுகள் சேராது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை மொத்தம் 46 நாள். தினமும் ஒன்று என்று வாசிக்கிறவருக்கு நாற்பதாம் தியானம் குருத்தோலை ஞாயிறன்று முடிந்துவிடும். பரிசுத்த வாரம் முழுவதும், பெரிய வெள்ளி உட்பட, கையில் ஒன்றும் இருக்காது. ஈஸ்டரையும் சேர்த்து 47 எழுதுங்கள்.

தேதி போடாதீர்கள். "முதலாம் நாள், சாம்பல் புதன்" என்று எண்ணும் கிழமையும் போட்டால் அடுத்த வருடமும் அதே புத்தகம் பயன்படும்.

இப்போது 47 வரிசைகள் உள்ள ஓர் அட்டவணை போடுங்கள். மூன்றே பத்தி போதும்: நாள், வேதப்பகுதி, அந்தப் பகுதி சொல்லும் ஒரே காரியம். தியானம் எதையும் எழுதுவதற்கு முன்பே மூன்று பத்தியும் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்தாம் நாளுக்குள் உங்களுக்குப் பிடித்த வசனங்கள் தீர்ந்துவிடும். அப்புறம் அன்பு, ஜெபம், பொறுமை என்று அதே மூன்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு சுவிசேஷத்தைத் தொடர்ந்து பின்பற்றுவது எளிதான வழி. மாற்கு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். முதல் பத்து அதிகாரங்களைக் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து ஞாயிறுகள் போக 34 நாள் வரும். பதினோராம் அதிகாரம் எருசலேம் பிரவேசத்தோடு தொடங்குவதால், 11 முதல் 15 வரை பரிசுத்த வாரத்துக்கு, 16 ஈஸ்டருக்கு. அந்த ஐந்து ஞாயிறுகளுக்கும் சங்கீதம் வையுங்கள். அதில் ஒன்றாவது புலம்பலாக இருக்கட்டும். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் தன்னிடத்தில் வைத்திருக்கிறது என்று தெரிவது, துக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

4. வசனத்தை அதன் வீட்டில் வைத்து வாசியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். புத்தகத்தின் உண்மை இங்கேதான் தீர்மானமாகிறது.

மலையில் இருக்கும் எல்லாருக்கும் பிடித்த 121-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இதை மட்டும் எடுத்து, நீலகிரியின் அழகைப் பார்த்தாலே தேவனுடைய உதவி வரும் என்று ஒரு தம்பி இரண்டு பக்கம் எழுதி வந்தார். அடுத்த வசனத்தை வாசிக்கச் சொன்னேன்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." பிறகு திருவிவிலியத்தைத் திறந்தோம். அங்கே முதல் வசனத்தின் பின்பாதி, உதவி எங்கிருந்து வரும் என்ற கேள்வியாகவே நிற்கிறது. எபிரெயத்திலும் அது கேள்விதான். மலையைப் பார்க்கிறவன் கேட்கிறான். மலையை உண்டாக்கினவரைச் சொல்லிப் பதில் வருகிறது. தம்பி அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி எழுதினார். முந்தினதைவிட அது எத்தனையோ மடங்கு பலமாக இருந்தது. இரண்டாவது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எரேமியா 29:11 அடுத்தது. தம் ஜனங்களைக் குறித்துத் தமக்கு இருப்பவை சமாதானத்துக்கான நினைவுகளே என்று தேவன் சொல்லும் இடம். வாழ்த்து அட்டைகளில் தனியாக வாழும் வசனம். அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகு என்று சொல்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் இது; அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த எழுபது வருடம் முடிவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். அப்படியும் அது அவர்களுக்கு நல்வார்த்தை. இதைச் சொல்லாமல், "இந்த மாதமே உங்கள் காரியம் மாறும்" என்று எழுதினால், மாதம் முடிந்ததும் அந்த அக்கா தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்து அழுவார். தேவன் கொடுக்காத வாக்குறுதியை அவர் பேரில் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

பிலிப்பியர் 4:13-ஐயும் 12-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று சொன்ன மனிதன்தான் எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்கிறான். பரீட்சையில் முதலிடம் வாங்குவது பற்றிய வசனம் அல்ல அது.

ஒவ்வொரு பகுதிக்கும் நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னது? முன்னும் பின்னும் என்ன நடக்கிறது? இந்தப் பகுதி எதைச் சொல்லவில்லை? மூன்றாவது கேள்விதான் பலமுறை என்னைத் தவறிலிருந்து காப்பாற்றியது.

5. எழுதுவது: ஒரு நாளுக்கு ஒரு காரியம்

வாரத்துக்கு மூன்று என்று வைத்தால் 47 தியானம் பதினாறு வாரத்தில் முடியும். தினமும் எழுதுகிறேன் என்று தொடங்குகிறவர்கள் இரண்டு வாரத்தில் களைத்துவிடுகிறார்கள். மூன்று போதும்.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொல். வேதப்பகுதியின் எண், அதிலிருந்து ஒரே ஒரு வசனம் முழுதாக, பிறகு உங்கள் எழுத்து, கடைசியில் நான்கு வரிக்கு மிகாத ஜெபம். வசனத்தை முழுதாக அச்சிடுவதற்குக் காரணம் உண்டு. அடுப்படியில் புத்தகத்தைத் திறக்கிறவர் கையில் அப்போது வேதாகமமும் இருக்கும் என்று சொல்லமுடியாது.

புதியவர்கள் தடுக்குவது பெரும்பாலும் முதல் பத்தியில். "பிரியமானவர்களே, இன்றைய நாளில் நாம் தியானிக்கப்போவது" என்று தொடங்கி ஆறு வரி போய்விடும். அதை அப்படியே வெட்டிவிட்டு ஏழாவது வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேதான் தியானம் ஆரம்பிக்கிறது. பிரசங்கத்தில் அந்த ஆறு வரி வேண்டும், ஏனென்றால் சபை உட்கார்ந்து அமைதியாக நேரம் பிடிக்கும். புத்தகம் வாசிக்கிறவர் ஏற்கெனவே அமைதியாகத்தான் இருக்கிறார்.

"நீங்கள் செய்யவேண்டும்", "நாம் திருந்தவேண்டும்" என்ற வாக்கியங்களை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் அது அதட்டலாகக் கேட்கும். தைரியம் கொடுக்க வந்த புத்தகம் பாரம் ஏற்றக்கூடாது. யோபுவின் நண்பர்கள் வாயைத் திறக்கும்வரை, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். சில நாட்களின் தியானம் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

நோய் பற்றி எழுதும்போது மட்டும் இருமடங்கு கவனம். குணமானவர்களைப் பற்றி எழுதுங்கள், நன்றியோடு எழுதுங்கள். ஆனால் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், முள்ளாக அவரை வருத்தின பலவீனம் நீங்காமல், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்ததற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரிகூட இருக்கக்கூடாது.

மொழி விஷயம் ஒன்று. மேற்கோளில் "பெலன்", "தேவரீர்", "ஏறெடுக்கிறேன்" என்று இருப்பதை இக்காலத் தமிழாகத் திருத்தாதீர்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் அந்த நடையைப் பின்பற்றவும் வேண்டாம். வசனம் வசனமாகவும் உங்கள் பேச்சு உங்கள் பேச்சாகவும் தெரியட்டும்.

6. நம் ஊர் உதாரணம், ஆனால் பொருந்துமளவுக்கு மட்டும்

இயேசு தம்மைத் திராட்சைச்செடி என்று சொல்லும் யோவான் 15-க்குத் திராட்சைத் தோட்டத்தை விவரிக்கிறவர்கள், எப்போதோ வாசித்ததை வைத்து எழுதுகிறார்கள். அந்த அக்காவுக்குக் கவாத்து தெரியும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிவிட்டால் குச்சிகுச்சியாக, செத்த தோட்டம் மாதிரி நிற்கும். சில வாரத்தில் வெட்டின இடத்திலேயே துளிர் வரும். வெட்டுகிறவருக்குச் செடியை அழிக்கும் எண்ணம் இல்லை என்று புரியவைக்க இதைவிட நல்ல படம் கிடையாது.

எல்லையையும் பாருங்கள். தேயிலையைக் கவாத்து செய்வது கொழுந்துக்காக. காய் விட்டால் அது தோட்டத்துக்கு லாபமில்லை. யோவான் பேசுவதோ கனியைப் பற்றி. ஆகவே வெட்டும் வலியும் துளிரும் வரைக்கும் கவாத்தைச் சொல்லுங்கள், கனி என்றதும் திராட்சைக்குத் திரும்பிவிடுங்கள். இழுத்துப் பொருத்தினால் உதாரணம் வசனத்தை விழுங்கிவிடும்.

7. பிறருடைய சாட்சி

இது சின்ன ஊர். "கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டில் ஒரு சகோதரி, கணவர் குடித்துவிட்டு..." என்று பெயரில்லாமல் எழுதினாலும் ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் முதல் புத்தகத்தில் நானே அந்தத் தவறைச் செய்தேன். அந்தச் சகோதரி பல வாரம் ஆலயத்துக்கு வரவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்துவிட்டார். அச்சான பக்கத்தைத் திரும்ப எடுக்கத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கைக்கொள்ளும் வழி இது. முதலில் நேரில் கேட்பேன், கைபேசியில் கேட்பதில்லை. எழுதின பகுதியை அவரிடமே வாசித்துக் காட்டுவேன். ஒப்புக்கொண்டாலும் இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பேன், ஏனென்றால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். சந்தேகம் இருந்தால் அந்தக் கதையை விட்டுவிட்டு வேதத்திலிருக்கிற ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்வேன்.

பாட்டு வரிகளை எடுப்பதிலும் அனுமதி பார்க்கவேண்டும். இந்தியச் சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருடம் வரை உரிமை நீடிக்கும். பழைய கீர்த்தனைகளைத் தயங்காமல் எடுக்கலாம். இப்போது பாடுகிற புதுப் பாட்டுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புதிய வேத மொழிபெயர்ப்பிலிருந்து நிறைய எடுப்பதானால் அதன் முன்பக்கத்தில் உள்ள உரிமைக் குறிப்பை வாசித்து, வெளியிட்ட சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

8. வாசித்துக் காட்டுங்கள்

பத்துத் தியானம் சேர்ந்ததும் பெண்கள் ஐக்கியத்திலோ வீட்டுக் கூட்டத்திலோ சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் நீளமானது. கேட்கிறவர்கள் கண்ணைத் தாழ்த்தி அசையாமல் இருக்கும் இடம் நல்ல இடம், அதைத் தொடாதீர்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ஆசீர்வாதமா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். "எந்த வரி புரியவில்லை?" என்று கேளுங்கள்.

9. பிழை திருத்தம், மூன்று முறை

முதல் முறை எழுத்துப்பிழைக்கு. "மரித்தார்" என்பது "மறித்தார்" ஆனால் அர்த்தமே போய்விடும். "இரக்கம்" வேறு, மலைப்பாதை "இறக்கம்" வேறு. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினி கண்டுபிடிக்காது. குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் வரும்.

இரண்டாம் முறை மேற்கோள்களுக்கு மட்டும். ஒருவர் அச்சு வேதாகமத்திலிருந்து வாசிக்க, இன்னொருவர் பிரதியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாரம், வசன எண் உட்பட.

மூன்றாம் முறை அச்சகம் பக்கம் அமைத்துக் கொடுத்த பிறகு. நீங்கள் யூனிகோடில் கொடுத்தாலும் சில அச்சகங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வைப்பார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஸ், ஷ், ஜ, க்ஷ வரும் சொற்கள் உடையும். "கிறிஸ்து" எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பாருங்கள். நீங்கள் கொடுத்த கோப்பு சரியாக இருந்தது என்பதால் இந்த முறையைத் தாண்டாதீர்கள்.

10. அச்சகம்

டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், கைக்கு அடக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கும் ஒரு தாள். 47 நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் 94. தலைப்புப் பக்கமும் வெளியீட்டு விவரப் பக்கமும் சேர்த்து 96, சரியாக ஆறு பாரம். முன்னுரை ஒரே பக்கமாக அட்டையின் உள்பக்கத்தில் போகட்டும். நாள் ஒன்றுக்கு இரண்டு பக்கம் என்ற கட்டுப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். சிலர் மூன்றாவது பக்கத்துக்கு வழிந்து, கடைசியில் பாதி வெற்றுத்தாளுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

விலை கேட்கும்போது அளவு, பக்கம், தாளின் எடை, அட்டை, கட்டு, பிரதி எண்ணிக்கை எல்லாம் ஒரே மாதிரி எழுதி மூன்று இடத்தில் கேளுங்கள். உள்ளே 70 ஜிஎஸ்எம் எடையுள்ள மேப்லித்தோ (சாதாரணப் புத்தகத் தாள்) போதும். தினமும் திறந்து மூடும் புத்தகம் என்பதால் பசை மட்டும் போட்ட கட்டைவிட நூல் தைத்த கட்டு தாங்கும். நம் ஈரத்தில் அந்த வித்தியாசம் இரண்டாவது வருடமே தெரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை நெருக்கும். சிவகாசியில் கொடுத்தாலும் கோவையில் கொடுத்தாலும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். அதே மாதங்களில்தான் வடகிழக்கு மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். கட்டு கீழேயே நின்றுபோனால் ஒன்றும் செய்யமுடியாது. பொங்கலுக்குள் புத்தகம் மேலே வந்துவிடும்படி கணக்குப் போடுங்கள்.

கடைகளிலும் விற்க விருப்பமானால், புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் வேண்டும். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. தரகருக்குப் பணம் கொடுக்கவேண்டாம். சபைக்குள் மட்டும் கொடுக்கும் புத்தகத்துக்கு அது இல்லாமலும் நடக்கும்.

11. பெட்டி வந்த பிறகு

பெட்டியைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூடுபனி நாளில் பெட்டியைத் திறந்து வைத்தால் தாள் நெளிந்து, பிறகு பூஞ்சை பிடிக்கும். கொடுக்கும்போது தாள் உறையில் கொடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு இந்த மாவட்டத்தில் தடை இருக்கிறது.

சாம்பல் புதனுக்கு இரண்டு ஞாயிறு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், தூரத்து லைன்களில் இருக்கும் வயதானவர்கள் ஆகியோருக்கு முதல் கட்டு போகட்டும். மேசையில் அடுக்கி வைத்தால் அவர்களுக்கு எப்போதும் கடைசியில்தான் கிடைக்கும்.

ஒரு பிரதியின் அட்டையில் "திருத்தப் பிரதி" என்று எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்கள் சொல்லும் பிழையை அன்றைக்கே அந்தப் பக்கத்தில் குறியுங்கள், சொன்ன தேதியோடு. "பதினேழாம் நாளில் அழுதுவிட்டேன்" என்று யாராவது சொன்னால் அதையும் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்துக்குப் போகும்போது முதலில் எடுக்கவேண்டியது அந்தப் பிரதிதான்.